பார்ப்பதற்கு ஒரு பெயர், மூடுவதற்கு ஒரு பெயர்

எங்கள் பாலிடெக்னிக்கின் கணினித் துறை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு செந்தில்குமார் போன் செய்தார். நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இப்போது ஆய்வகப் பொறுப்பாளர். "நல்ல நினைவாப் பாத்து எழுதுங்க மேடம். டூர் போனது, ஆண்டு விழா, அந்த மாதிரி" என்றார். சரி என்றேன். போனை வைக்கப் போகும் நேரத்தில் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார்.

"அப்புறம் மேடம், லேப் மேனுவல் புதுசாப் போடுறோம். இப்பல்லாம் மெஷினே எழுதிக் குடுத்துருது. ஏழாவது, எட்டாவது பயிற்சி ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு ஒண்ணாச் சேத்துட்டோம். நாலு வரி மிச்சம். பேரையெல்லாம் இனிமே யாரு மேடம் பாக்குறா?"

நான் பார்க்கிறேன். அதனால் டூரைப் பற்றி எழுதப் போவதில்லை. துறையோடு சித்தன்னவாசல் போன படங்கள் செந்திலிடமே இருக்கின்றன, வேண்டுமானால் அவற்றைப் போட்டுக்கொள்ளட்டும். இது அந்த ஏழாவது, எட்டாவது பயிற்சிகளைப் பற்றியது. மலரில் போடுவதானால் ஒரு வரி விடாமல் போட வேண்டும்.

நான் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து படித்தேன். கணினியைத் தொட்ட நேரத்தைவிட, கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த புரோகிராம்களில் எல்லாப் பொருளுக்கும் ஏ, பி, எக்ஸ், ஒய் என்றுதான் பெயர். எக்ஸ் என்றால் என்ன சார் என்று கேட்டால், "எக்ஸ்னா எக்ஸ்தாம்மா" என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே பட்டம் வாங்கி, புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கிற இந்தப் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கடைசிவரை இங்கேதான்.

எங்கள் வேலைமுறை தெரியாதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேப் மேனுவலில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு மாதிரி புரோகிராம் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து அடித்து, ஓடவைத்து, விடை வந்ததும் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அதே புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். கையால், நீல மையில். கோடு போட்ட வலப்பக்கத்தில் புரோகிராம், கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலால் அதன் விடை. ரெக்கார்டு முடியவில்லை என்றால் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். தேர்விலும் முதலில் தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் கணினிக்குப் போக முடியும்.

பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கணினிக்கு வலிக்காது. கையால் எழுதுகிற பிள்ளைக்கு வலிக்கும். அதனால் மேனுவலின் ஒவ்வொரு பதிப்பிலும் பெயர்கள் தேய்ந்துகொண்டே வந்தன. புத்தகம் 'பி' ஆயிற்று. திருப்பித் தரவேண்டிய கெடு 'எல்' ஆயிற்று. ஒரு பயிற்சி இரண்டு வலப்பக்கங்களுக்குள் முடிய வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். நல்ல மேனுவல் என்றால் ஒல்லியான மேனுவல் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் வெப் சர்வீஸ் பாடம் வந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், விஷயம் எளிது. எங்கிருந்தோ ஒரு போன் ஒரு கேள்வி கேட்கும். வேறெங்கோ இருக்கிற ஒரு கணினி தன்னிடமுள்ள பதிவுகளைப் பார்த்துப் பதில் சொல்லும். ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்காக மேனுவலில் ஒரு நூலக உதாரணம் வைத்திருந்தார்கள். ஏழாவது பயிற்சி, ஒரு புத்தகம் வெளியே இருக்கிறதா, திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பது. எட்டாவது பயிற்சி, கெடு தாண்டிய புத்தகத்தைத் 'திரும்பி வந்தது' என்று குறித்து அந்தப் பதிவை மூடிவிடுவது. நிஜ நூலகத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். எங்கள் லேப்பில் ஒரு பிரிவு விட்டுப்போன பதிவுகள் அடுத்த பிரிவுக்குக் குறுக்கே நின்றன. அவற்றைக் கழுவித் துடைத்துக்கொள்வதற்காக வைத்த பயிற்சி அது.

பாடத்திட்டம் மாறி, புதிதாக இன்னொரு பயிற்சிக்கு இடம் தேவைப்பட்டபோது, துறைக் கூட்டத்தில் ஏழையும் எட்டையும் ஒன்றாக்கினார்கள். ஒரு புத்தகத்தைப் பார்க்கச் சொன்னால், அது கெடு தாண்டியிருந்தால் முதலில் மூடும், அப்புறம் பார்த்துப் பதில் சொல்லும். இரண்டு பக்கத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. அதற்கு 'செக்' என்று பெயர் வைத்தார்கள்.

துறைத் தலைவர் ராமநாதன் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெதுவாகப் பேசுவார். அவர் யாரையும் வைது நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த கைக்குட்டை ஒன்று எப்போதும் இருக்கும். எந்தக் கீபோர்டைத் தொடுவதற்கு முன்னும் அதை எடுத்து வரிசை வரிசையாகத் தூசு துடைப்பார், பிறகுதான் ஓர் எழுத்து அடிப்பார். லேப்புக்கு வந்தால் நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளின் ஸ்டூலில் உட்காருவார். ரெக்கார்டு நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டுவார். ஏமாற்றுகிறவர்கள் கடைசியில்தான் ஏமாற்றுவார்கள் என்பது அவர் அனுபவம். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க மேடம்" என்று அவர் ஆரம்பித்தால் நாம் கேட்டது கிடைக்காது என்று பொருள்.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். "சார், பாக்குறதுன்னு பேரு வச்சுட்டு உள்ள பதிவை மாத்துறோம். அதைப் படிக்கிற புள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க மேடம்" என்றார். கைக்குட்டையை எடுத்து, மேசையில் இல்லாத தூசைத் துடைத்தார். "நம்ம புள்ளைக எங்கேருந்து வாராங்க? ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி. வீட்டுல மொத ஆளாப் படிக்க வந்தவங்க. தேர்வுல கை ஓடணும்ங்க. நீங்க வைக்கிற பேரை ஒரே புரோகிராம்ல எத்தனை தடவை எழுதணும்? பேரு அழகா இருக்கணுமா, புள்ள பாஸாகணுமா?"

"அழகா இருக்கணும்னு நான் கேக்கலை சார். பொய்யா இருக்கக் கூடாதுங்கிறேன். இந்தப் புள்ளைக நாளைக்கு வேலைக்குப் போயி இதையே பாத்து எழுதுவாங்க."

"நூலகம் தானேங்க" என்று சிரித்தார். "ஒரு புத்தகம் தொலைஞ்சாத் தொலைஞ்சிட்டுப் போகுது."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் ஏழைகள், அதனால் அவர்களுக்குப் பொய்ப் பெயர் போதும் என்பது எனக்கு அவர்களைக் குறைத்து மதிப்பதாகவே பட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், என் பிரிவுக்கு மட்டும் அதைத் திரும்பவும் இரண்டாகப் பிரித்தேன். பெயர்களையும் மாற்றினேன். பார்ப்பதற்கு, 'புத்தகம் திரும்பியதா' என்று கேட்கிற பெயர். மூடுவதற்கு, 'கெடு தாண்டிய பதிவை மூடு' என்று சொல்கிற பெயர். 'எல்' போய், 'கெடு நாட்கள்' என்று அர்த்தம் வருகிற சொல் வந்தது. ஆங்கிலத்தில்தான் வைத்தேன். தமிழில் வைத்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான், தாராளமாக வை என்றேன். எந்த மொழியில் இருந்தாலும் உள்ளே நடப்பதை அந்தப் பெயர் சொன்னால் போதும்.

பெயர் சரியா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு பேரை முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைப்பேன். ஒருவர் புரோகிராமை வாசிக்க வேண்டும். திரையைப் பார்க்காத மற்றவர், அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் வாசித்தவர் பெயரை மாற்றிவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். 'எக்ஸ் ஈக்குவல்டு ஒண்ணு' என்று ஒருவன் வாசிக்க, பின்னால் இருக்கிறவன் "எந்த எக்ஸ்டா, எங்க வீட்டு எக்ஸா?" என்று கேட்க, லேப்பே சிரிக்கும். எனக்குப் 'பேர் வைக்கிற மேடம்' என்று பட்டம் கிடைத்தது. நான் வராந்தாவில் வருவதைப் பார்த்துவிட்டு, "தொட்டில் கட்டியாச்சு, மேடத்தைக் கூப்புடுங்கடா" என்பார்கள். பக்கத்துப் பிரிவுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

மேனுவலை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. 'மாணவர்கள் புரிந்து எழுதுகிறார்கள், தொடர அனுமதி வேண்டும்' என்று பதில் எழுதினேன். அனுமதி வரவில்லை. நான் தொடர்ந்தேன். என் பிரிவில் சிலருக்குத் தேர்வில் நேரம் போதாமல் போனது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாங்கள் எழுதியது என்ன என்று கேட்டால் அவர்கள் எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

அன்வர் என் பிரிவில் படித்தவனல்ல. ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம் அவனுடையது. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். ஊர் மீனவர் சங்கத்துக்காகச் சும்மா ஒரு வெப் சர்வீஸ் செய்துகொடுத்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கிளம்பும்போது போனில் ஒரு பட்டனைத் தொட வேண்டும், கரை சேர்ந்ததும் இன்னொன்றைத் தொட வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் அதன் வெப் பக்கத்தைத் திறந்து படகின் பெயரைத் தொட்டால், கடலில் இருக்கிறதா கரை சேர்ந்ததா என்று காட்டும். சங்கமே அவனைக் கொண்டாடியது. அதை எழுதும்போது அவன் பக்கத்தில் வைத்துக்கொண்டது கல்லூரி ரெக்கார்டு நோட்டை. அதில் புத்தகம் இருந்த இடத்திலெல்லாம் படகை வைத்தான்.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் காற்று ஒரேயடியாகத் திரும்பிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். போன் அடித்தது.

"மேடம், நான் அன்வர். பக்கத்து செக்ஷன். ஞாபகம் இருக்குங்களா?"

"சொல்லுப்பா."

"அந்தோணி அண்ணன் படகு கரை சேந்துருச்சுன்னு வெப் பக்கத்துல காட்டுது மேடம். அவரும் அவரு தம்பி சூசையும் போன படகு. ஆனா அவங்க வீட்டு அக்கா கடையில வந்து நிக்கிறாங்க, எந்தத் துறையில எறங்குனாங்கன்னு கேட்டு. நான் உள்ள போயிப் பாத்தேன். கரை சேந்த பட்டனை யாருமே தொடலை மேடம். ஆனா மூடியிருக்கு."

காற்று கெட்டால் நாட்டுப்படகுகள் எந்தப் படகுத்துறை கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஏறிவிடும். அதனால் கரையில் இருந்தவர்கள் வெப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்தோணி அக்கம்பக்கத்துத் துறையில் ஏறியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். தேடக் கிளம்பிய விசைப்படகுக்கும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அது வேறு பக்கம் போயிருந்தது.

"வாசி" என்றேன்.

"என்னங்க மேடம்?"

"நீ எழுதினதை எடுத்து வாசி. வீட்டுல உள்ளவங்க பாத்தா எது ஓடுதோ, அதை. வரி வரியா."

அவன் வாசித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். 'செக்' என்று ஆரம்பித்தான். 'டி, எல்-ஐ விடப் பெருசா இருந்தா, எக்ஸ் ஈக்குவல்டு ஒண்ணு' என்று வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"எல்னா என்ன அன்வர்?"

"கெடு மேடம். டி, கெளம்பி ஆன நேரம். அது கெடுவைத் தாண்டிருச்சுன்னா செவப்பாக் காட்டட்டும்னு வச்சேன்."

"என்னைக்காவது செவப்பாக் காட்டியிருக்கா?"

"இல்லைங்க. யாரும் அவ்வளவு லேட்டா வரலை போலன்னு நெனச்சேன்."

"எக்ஸ் ஒண்ணுன்னா என்ன?"

"நூலகத்துல..." என்றான். "நூலகத்துல, திரும்பி வந்துருச்சுன்னு அர்த்தம்."

நேரம் தாண்டியும் கரைக்கு வராத படகைத்தான் வீட்டில் உள்ளவர்கள் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்த்த மாத்திரத்தில் 'செக்' அந்தப் படகைக் கரை சேர்ந்ததாகக் குறித்து மூடிவிட்டு, அதையே பதிலாகவும் காட்டிவிடும். யாரும் கவலைப்பட்டுத் திறந்து பார்க்காத படகு, கடலில் உள்ளவற்றின் பட்டியலிலேயே இருக்கும். யாராவது கவலைப்பட்டுத் தேடினால் அது பட்டியலை விட்டே போய்விடும். சாதாரண நாட்களில் கொஞ்சம் பிந்தினாலும் படகு வந்துவிடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"அன்வர், கேளு. மொதல்ல பக்கத்தை நிறுத்து. கரையில யாரும் அதைத் தொறக்க வேணாம்னு சொல்லு. பாக்கப் பாக்க, பாத்த படகெல்லாம் கரை சேந்ததாயிரும். அப்புறம் ஆளுகளை வாயால கேளு, யாரு வீட்டுக்கு வரலைன்னு."

அவன் போனை அணைக்காமலே ஓடினான். சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவன் குரல் எனக்குப் போனிலேயே தூரத்தில் கேட்டது. "கடலுக்குப் போனவங்க வீட்டு ஆளுங்க கரைக்கு வாங்க. போனைப் பாக்காதீங்க. வீடு திரும்பாதவங்க பேரை வாயால சொல்லுங்க. யாரும் போனைப் பாக்காதீங்க." அந்தோணியின் படகோடு இன்னும் சில படகுகளும் கரை சேர்ந்ததாகக் காட்டிக்கொண்டு கடலில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. விசைப்படகுகள் மறுபடி கிளம்பின.

மற்ற படகுகளை எல்லாம் இழுத்து வந்துவிட்டார்கள். அந்தோணியின் படகு கவிழ்ந்து கிடந்தது, அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது பொழுதுகூடச் சாயவில்லை. "தம்பி இப்பக் கொஞ்சம் முந்தித்தான் கையை விட்டான்" என்று அவர் தூக்கியவர்களிடம் சொன்னாராம். சூசையின் உடல் பிறகு தெற்கே ஒரு கரையில் ஒதுங்கியது. அந்தக் 'கொஞ்சம் முந்தி'யைத்தான் என்னால் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

சங்கத்துக்காரர்கள் கல்லூரிக்கு வந்து கேட்டார்கள். நிர்வாகம் ஒரு தாள் தயார் செய்தது. லேப் மேனுவலில் உள்ள பயிற்சி பாடத்தின் அளவில் சரியானது, முன்னாள் மாணவர் அதைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று அதில் இருந்தது. துறையில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ராமநாதன் சார் அதை எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்து, வழக்கம்போல ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். தாளில் அவர் கையெழுத்து ஏற்கனவே இருந்தது.

"எல்லாரும் போட்டாச்சுங்க மேடம்" என்றார்.

"நான் போடமாட்டேன் சார்."

"அன்வர் மேல கேஸு அது இதுன்னு எதுவும் வராது. அதுக்கு நான் பொறுப்பு. சும்மா காலேஜுக்கு ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான்."

"அவன் எதைச் சார் தப்பாப் பயன்படுத்தினான்? நாம குடுத்ததை ஒரு எழுத்து மாத்தாம எழுதினான். பாக்குறதுன்னு நாம சொன்னோம், பாக்குறதுன்னு நம்பினான். நல்ல புள்ளையா ரெக்கார்டைப் பாத்து எழுதினவனைத் தப்புன்னு எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க."

"நீங்க மட்டும் போடலைன்னா தனியாத் தெரிவீங்கம்மா." அவர் என்னை மேடம் என்று சொல்லாமல் அம்மா என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"தெரியட்டும் சார்."

"நீங்க சொல்றது நூத்துக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, எதிரில் இருந்த கீபோர்டை வரிசை வரிசையாகத் துடைத்தார். எதுவும் அடிக்காமல் எழுந்து போனார்.

தனியாகத்தான் தெரிந்தேன். அடுத்த பருவத்தில் வெப் சர்வீஸ் பாடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பைக் கொடுத்தார்கள். ராமநாதன் சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி என்னைத் தாண்டி எனக்குப் பிந்தி வந்தவருக்குப் போனது. அது வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே வலித்தது. அதற்காக அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கலாம் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் வந்த மேனுவலில், ஏழும் எட்டும் மறுபடி தனித்தனிப் பயிற்சிகளாக இருந்தன. உள்ளே இருந்த பெயர்கள் என் லேப்பில் நான் வைத்தவை. அட்டையில் தொகுத்தவர் என்று அவர் பெயர் இருந்தது. ஒல்லியாக இருந்த மேனுவல் கொஞ்சம் தடித்திருந்தது. அவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. செந்தில் இப்போது மிச்சம் பிடித்திருக்கிற நாலு வரி அந்தத் தடிப்பில் இருந்துதான் வந்தது.

மெஷின் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. செந்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புதிய பயிற்சியைப் படித்தேன். பெயர்கள் என்னுடையவற்றைவிட நீளம், பார்க்கவும் லட்சணமாக இருக்கின்றன. 'புத்தக நிலையைப் பெறு' என்று ஒரு பெயர். இரண்டையும் ஒன்றாக்கு என்று செந்தில் சொல்லியிருக்கிறார், அது ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறது. உள்ளே மூன்றாவது வரியில் கெடு தாண்டிய பதிவு மூடப்படுகிறது. அது பெயரில் இல்லை. அன்றாவது ராமநாதன் சாருக்கு ஒரு நியாயம் இருந்தது, பிள்ளைகளுக்குக் கை வலித்தது. இப்போது ரெக்கார்டைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா என்று செந்திலைக் கேட்டேன். "நல்லா ஓடுது மேடம்" என்றார். அன்வருடையதும் நன்றாகத்தான் ஓடியது.

சூசை இறந்து சில வாரங்கள் கழித்து நான் அந்த ஊருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அன்வர்தான் அந்தோணியின் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மெலிந்துபோயிருந்தான். புதிதாக எழுதியதைத் திரையில் காட்டாமல், சங்கத்துப் பெரியவர் ஒருவரோடு முதுகோடு முதுகு உட்கார்ந்து தமிழிலேயே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மறுபடி போட்டதாகச் சொன்னான். அந்தோணியின் மனைவிதான் பேசினார்.

"இவதான் மேடம் போனைப் பாத்துச் சொன்னா, கரை சேந்துட்டாங்கன்னு" என்று கதவோரம் நின்ற மகளைக் காட்டினார். "நான் வந்துருவாங்கன்னு சோறு வடிச்சேன். ரொம்ப நேரமாச்சேன்னுதான் அப்புறம் கடைக்கு ஓடுனேன்."

அந்த மகள் ரெஜினா அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"மேடம், நான் பாக்காம இருந்திருந்தா, சித்தப்பா போன படகு கடல்லன்னே காட்டியிருக்குமா?"

அன்வர் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அவளிடம் ஒருவராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"காட்டியிருக்கும்" என்றேன். "ஆனா நீ எதையும் செய்யலம்மா. பாக்குறதுன்னு அதுக்குப் பேரு, நீ பாத்தே. பாக்குறதுக்குள்ள மூடுறதை ஒளிச்சு வச்சது நாங்க. எங்க காலேஜு. நான் எங்க வேணாலும் வந்து இதைச் சொல்லுவேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தோணி மறுபடி கடலுக்குப் போகிறார். அன்வரின் புதிய பக்கத்தைத்தான் ஊரே பார்க்கிறது, அது சரியாகத்தான் சொல்கிறது. ரெஜினா மட்டும் அதைத் திறப்பதில்லை. அப்பா கடலுக்குப் போன நாளில், படகு கண்ணுக்குத் தெரியும்வரை அவள் கரையில் போய் நிற்கிறாள் என்று அன்வர் சொல்கிறான்.

ஏழையும் எட்டையும் பிரித்துவிடுங்கள் செந்தில். பார்ப்பதற்கு ஒரு பெயர், மூடுவதற்கு ஒரு பெயர். இல்லை, ஒன்றாக்கித்தான் தீருவோம் என்றால், கோட்டைப்பட்டினம் பஸ்ஸைப் பிடித்துப் போய் அந்தக் கரையில் அவள் பக்கத்தில் நில்லுங்கள். எந்த நாலு வரியை மிச்சம் பிடித்தீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து ஒன்றாக்குங்கள்.